முதுகு வலிக்காகப் பைக்கை விற்பதற்கு முன்



நம் பகுதியில் பல வீடுகளுக்கு மோட்டார் சைக்கிள்தான் பிழைப்பு. அதில்தான் வேலைக்குப் போகிறோம், சரக்கு எடுத்து வருகிறோம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறோம். இப்போது இளைஞர்கள் நெடுஞ்சாலைப் பயணத்துக்காக ஸ்போர்ட்ஸ் டூரிங் வகை பைக்குகளை விரும்பி வாங்குகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்களில் சிலர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். அந்த வலி எதனால் வருகிறது, பைக்கிலும் பழக்கத்திலும் எதை மாற்றினால் குறையும் என்பதை இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

என் தங்கை மகன் மேலப்பாளையத்தில் இருக்கிறான். மருந்து விற்பனைப் பிரதிநிதி வேலை. வாரத்தில் ஐந்து நாள் தூத்துக்குடிக்குப் போய் வர வேண்டும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வாப்பா கொடுத்த பணத்தில் பாதியும் கடனில் பாதியுமாக, முன்பக்கம் பாதி மூடிய ஒரு செகண்ட் ஹேண்ட் பைக்கை வாங்கினான். நான்கு வழிச் சாலையில் ஆடாமல் போகிறது என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். நான்காவது மாதம் ருகூவிலிருந்து நிமிரும்போது இடுப்பைப் பிடித்தது. அவன் உம்மா தினமும் இரவில் தைலம் தேய்த்துவிட்டார். ஜெல் குஷன் வாங்கினான், இடுப்பு பெல்ட் வாங்கினான். இரண்டும் சேர்ந்து மூவாயிரம் ரூபாய் போனது, வலி போகவில்லை.

ஒரு நாள் என்னிடம் வந்து, “வண்டியைக் குடுத்துரலாம்னு இருக்கேன் மாமா. யாராவது கேட்டா சொல்லுங்க” என்றான். கடன் இன்னும் பதினான்கு தவணை பாக்கி இருந்தது. விற்றால் கடனை அடைக்கும் அளவுக்குக் கூட விலை வராது. வண்டி இல்லாவிட்டால் அந்த வேலையும் இல்லை. “ஒரு வாரம் பொறு. முதலில் நீ எப்படி உட்கார்ந்து ஓட்டுகிறாய் என்று பார்ப்போம்” என்றேன். அந்த ஒரு வாரத்தில் நாங்கள் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பாடம்.

வலி எங்கிருந்து வருகிறது?

வேகத்துக்கான பந்தய பைக்குக்கும், நிமிர்ந்து உட்கார்ந்து நீண்ட தூரம் போகும் டூரிங் பைக்குக்கும் நடுவில் இருப்பது ஸ்போர்ட்ஸ் டூரிங். 1976இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் வெளியிட்ட ஆர் 100 ஆர்.எஸ். இந்த வகைக்கு வழிகாட்டிய பைக்குகளில் ஒன்று. இந்த வகையில் ஹேண்டில்பார் சற்றுத் தாழ்வாக இருக்கும். ஃபுட்ரெஸ்ட் சற்றுப் பின்னால், உயரமாக இருக்கும். ஓட்டுபவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்துதான் உட்கார வேண்டும்.

அப்படிச் சாய்வதால் மட்டும் முதுகு கெட்டுவிடுவதில்லை. எங்கிருந்து சாய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நமக்கு இது புதிதல்ல. ருகூவில் முதுகைக் கூன் போடாமல், நேராக வைத்து, இடுப்பு மூட்டிலிருந்து குனிகிறோம். பைக்கில் சாயவேண்டியதும் அதே அசைவில்தான். ஆனால் பெரும்பாலானவர்கள் இடுப்பை அசைக்காமல் நடு முதுகை வளைத்து ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்கிறார்கள். பக்கவாட்டில் பார்த்தால் முதுகு கேள்விக்குறி போல இருக்கும்.

முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஐந்து பெரிய எலும்புகள் இருக்கின்றன. உடம்பின் மேற்பகுதி எடையில் பெரும்பங்கை அவைதான் தாங்குகின்றன. அந்த இடம் இயல்பில் சற்று உள்பக்கமாக வளைந்திருக்கும். கூன் போட்டு உட்காரும்போது அந்த வளைவு நேராகி, பிறகு எதிர்ப்பக்கம் வளைந்துவிடுகிறது. எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் டிஸ்க்கின் முன்பகுதி நசுங்குகிறது. முதுகின் பின்பக்கத் தசைகளும் நார்களும் மணிக்கணக்கில் இழுபட்டே இருக்கின்றன.

இதோடு சாலையின் அதிர்வும் சேர்கிறது. உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடம்பு, மேலும் கீழுமாக விநாடிக்கு 4 முதல் 8 முறை வரை ஏற்படும் ஆட்டத்தைத்தான் மிக அதிகமாக உணர்கிறது. மேடு பள்ளமான சாலையில் வண்டி தரும் ஆட்டத்தில் ஒரு பகுதி இந்த அளவில் இருக்கும். முதுகு கூன் போட்டிருக்கும்போது அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ள இடமில்லாமல் ஒவ்வொரு குலுங்கலும் நேராக டிஸ்க்கில் இறங்குகிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டிஸ்க்கின் உள்பகுதிக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. நாம் அசையும்போது அழுந்தியும் விரிந்தும்தான் அது தனக்கு வேண்டிய சத்தை எடுத்துக்கொள்கிறது. ஒன்றரை மணி நேரம் அசையாமல் ஒரே நிலையில் இருப்பது அதைப் பட்டினி போடுவதற்குச் சமம்.

முதல் வேலை: ஒரு போட்டோ

செலவு செய்வதற்கு முன் ஒரு போட்டோ எடுங்கள். பைக்கைச் சமதரையில் நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்டு இல்லாவிட்டால் இருவர் முன்னும் பின்னும் பிடித்துக்கொள்ளட்டும். தினமும் ஓட்டும் உடை, ஹெல்மெட், பை எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, சாலையில் ஓட்டுவது போலவே பிடியுங்கள். ஒருவர் பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் செல்போனை வைத்துப் படம் எடுக்கட்டும்.

படத்தில் நான்கு இடங்களைப் பாருங்கள். இடுப்புக்கு மேலே முதுகு நேராகச் சாய்கிறதா, கூன் போடுகிறதா? முழங்கை லேசாக மடங்கியிருக்கிறதா, விறைத்திருக்கிறதா? தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா? தொடை டேங்க்கில் ஒட்டியிருக்கிறதா, அகன்று கிடக்கிறதா?

பிறகு ஒரு சோதனை. வண்டி நின்ற நிலையிலேயே, முதுகின் சாய்வை மாற்றாமல், இரண்டு உள்ளங்கைகளையும் கைப்பிடியிலிருந்து ஓர் அங்குலம் தூக்குங்கள். முன்னால் விழப் போவது போல இருந்தால் உங்கள் எடையைக் கைகள்தான் தாங்கிக்கொண்டிருக்கின்றன. தொடையும் வயிறும் செய்ய வேண்டிய வேலையை மணிக்கட்டும் தோளும் முதுகும் செய்கின்றன என்று பொருள். ஓடும் வண்டியில் இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யாதீர்கள்.

எங்கள் பையனின் படத்தைப் பார்த்ததும் அவனே சிரித்துவிட்டான். “ஒட்டகம் மாதிரி இருக்கேன்” என்றான்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள். அப்போதுதான் எது பலன் தந்தது என்று தெரியும்.

1. முதுகுப் பையை இறக்குங்கள். அவன் பையை நிறுத்துப் பார்த்தோம். மருந்து மாதிரிகள், லேப்டாப், தண்ணீர் எல்லாம் சேர்ந்து எட்டு கிலோவுக்கு மேல் இருந்தது. முன்னால் சாய்ந்திருக்கும் முதுகின் மேல் எட்டு கிலோவை இரண்டு மணி நேரம் சுமந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? சுமையை வண்டிக்கு மாற்றுங்கள். பின் சீட்டிலோ கேரியரிலோ கயிறு ஆடாதபடி கட்டலாம், டேங்க் பேக் அல்லது பக்கவாட்டுப் பை போடலாம். தொங்கும் வார் எதுவும் சக்கரத்திலோ செயினிலோ சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகில்தான் போட வேண்டும் என்றால் வாரைத் தளர்த்தி, பையின் அடிப்பாகம் பின் சீட்டில் உட்காரும்படி விடுங்கள்.

2. பின் பாக்கெட்டைக் காலி செய்யுங்கள். தடித்த மணிபர்ஸின் மேல் உட்கார்ந்தால் இடுப்பெலும்பு ஒரு பக்கம் உயர்ந்துவிடும். முதுகெலும்பு அதை ஈடுகட்ட மறுபக்கம் வளையும். தொடைக்குப் போகும் நரம்பும் அழுந்தும்.

3. டயர் காற்றைச் சரிபாருங்கள். பங்க்கில் “கொஞ்சம் கூடவே அடி” என்று சொல்வது பலருக்கும் வழக்கம். காற்று அதிகமானால் டயர் கல் போலாகி, சிறிய மேடு கூடத் தூக்கிப் போடும். குறைந்தால் பிடிமானம் கெடும், ரிம் அடிபடும். செயின் கவரிலோ கையேட்டிலோ தனியாக ஓட்டுவதற்கும், பின்னால் ஆள் வைத்து ஓட்டுவதற்கும் அளவு கொடுத்திருப்பார்கள். வாரம் ஒருமுறை, டயர் சூடாவதற்கு முன் பாருங்கள்.

4. பின் ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தைப் பாருங்கள். பல பைக்குகளில் ஸ்பிரிங்கின் முனையில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். வண்டியோடு வரும் வளைந்த ஸ்பேனரால் அதைத் திருப்பலாம். எங்கள் பையனின் வண்டியில் அது கடைசிப் படியில் இருந்தது. முன்பு வைத்திருந்தவர் சுமை ஏற்றியிருக்கலாம். இவனோ ஒல்லியான ஆள், தனியாகப் போகிறவன். அந்த இறுக்கத்தில் சிறிய குலுங்கலுக்கு ஷாக் அசையவே இல்லை. எல்லாம் முதுகுக்கே வந்தது.

சரியான அளவை அறிய எளிய வழி ஒன்று உண்டு. பின் சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது அதன் அச்சிலிருந்து நேர் மேலே பின்பக்கத்தில் ஓர் இடம் வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு சக்கரம் தரையில் இருக்க, நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் அதே இடைவெளியை இன்னொருவர் அளக்கட்டும். பின் சக்கரம் அசையக்கூடிய மொத்தத் தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கியிருக்க வேண்டும். 120 மில்லிமீட்டர் அசையும் வண்டியில் அது 30 முதல் 40 மில்லிமீட்டர். குறைவாக இறங்கினால் ஒரு படி தளர்த்துங்கள், அதிகமாக இறங்கினால் ஒரு படி இறுக்குங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் வெளிச்சம் மேலே போகும், அதையும் திருத்திக்கொள்ளுங்கள். ஷாக்கில் எண்ணெய் கசிந்தாலோ, அழுத்தி விட்டதும் வண்டி பல தடவை துள்ளினாலோ திருப்பிப் பயனில்லை. அதை மாற்றத்தான் வேண்டும்.

5. லீவர்களின் கோணத்தைத் திருத்துங்கள். ஓட்டும் நிலையில் கையை நீட்டி விரல்களை வைத்தால், முன்கையும் விரலும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் கிளட்ச் லீவரைத் தொட வேண்டும். லீவர் மேலே தூக்கியிருந்தால் மணிக்கட்டு மடங்கும், தோள் ஏறும், கழுத்து இறுகும். கால் பக்கமும் அப்படித்தான். கியரையும் பின் பிரேக்கையும் தொட ஒவ்வொரு முறையும் பாதத்தைத் தூக்க வேண்டியிருந்தால் அவற்றின் உயரத்தைத் திருத்தச் சொல்லுங்கள். மெக்கானிக்குக் கால் மணி நேர வேலைதான்.

சீட்: மெத்தென்று இருந்தால் போதாது

முதுகு வலித்ததும் எல்லோரும் முதலில் வாங்குவது குஷன். கடையில் அழுத்திப் பார்த்தால் பஞ்சு போல இருக்கும். பத்துக் கிலோமீட்டரில் அது நசுங்கிப்போய், அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டின் மேல்தான் நாம் உட்கார்ந்திருப்போம். நீண்ட தூரத்துக்கு வேண்டியது, எடையைப் பரவலாகத் தாங்கும் அடர்த்தியான ஃபோம். தொட்டால் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும்.

அதைவிட முக்கியம் சீட்டின் சரிவு. இந்த வகை பைக்குகள் பலவற்றில் சீட் முன்பக்கம் டேங்க்கை நோக்கிச் சரிந்திருக்கும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உடம்பு முன்னால் வழுக்கும். வழுக்காமலிருக்கக் கையை ஊன்றித் தள்ளுவோம். அப்படித் தள்ளும்போது இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து முதுகு கூன் போடும். வழுக்கும் ரெக்சின் உறை இதை இன்னும் மோசமாக்கும்.

சீட் வேலை தெரிந்த ஒரு குஷன் கடைக்காரரிடம் மூன்று விஷயம் சொன்னால் போதும். உட்காரும் இடத்தை ஏறக்குறைய மட்டமாக்க வேண்டும். பின்பகுதியை அகலமாக விட்டு, டேங்க் பக்கம் குறுக்கி, கால் எளிதில் தரையை எட்டும்படி செய்ய வேண்டும். வழுக்காத உறை போட வேண்டும். உறையை நிரந்தரமாகத் தைப்பதற்கு முன் தற்காலிகமாகப் பொருத்தி அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். நல்ல கைவேலைக்காரர் மறுக்க மாட்டார். சீட்டை அதிகம் உயர்த்த வேண்டாம். முழங்காலுக்குச் சுகமாக இருக்கும், ஆனால் ஹேண்டில்பார் அந்த அளவுக்குக் கீழே போய்விடும். முதுகு இன்னும் குனியும்.

ஹேண்டில்பாரை உயர்த்தலாமா?

உயர்த்தலாம். ஆனால் மேலே சொன்னவற்றைச் செய்து பார்த்த பிறகுதான். அந்த மாடலுக்கென்றே செய்த, 20 அல்லது 25 மில்லிமீட்டர் உயர்த்திச் சற்றுப் பின்னால் கொண்டுவரும் ரைசர் போதும். சிறிய அளவாகத் தோன்றும், ஆனால் முதுகின் சாய்வில் நன்றாகவே வித்தியாசம் தெரியும்.

ஹேண்டில்பார் உயிர் சம்பந்தப்பட்ட இடம். லேத்தில் கடைந்த துண்டு, வெல்டிங் வைத்த குழாய் இவற்றையெல்லாம் அதில் பொருத்தவே கூடாது. பொருத்திய பிறகு, ஓட்டிப் பார்க்குமுன் இவற்றைச் சரிபாருங்கள்:

ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பும்போது பிரேக் ஹோஸ், கிளட்ச் கேபிள், ஒயர் எதுவும் இழுபடக் கூடாது.

இன்ஜினை நியூட்ரலில் ஓடவிட்டுத் திருப்புங்கள். திருப்பும்போது இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. அப்படியே ஓட்டினால் வளைவில் வண்டி தானாக வேகமெடுக்கும்.

கை, லீவர், கைப்பிடி எதுவும் டேங்க்கிலோ முன் கவரிலோ இடிக்கக் கூடாது.

ஒரு வாரம் கழித்து எல்லா போல்ட்டுகளின் இறுக்கத்தையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்கத் தடை விதிக்கிறது. ஆகவே பெரிய மாற்றம் எதையும் செய்யுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுவது நல்லது. விபத்து நடந்த பிறகு இழப்பீடு கேட்கும்போது அவர்கள் கேள்வி எழுப்ப இடம் கொடுக்கக் கூடாது.

காற்றும் கழுத்தும்

நகரத்துக்குள் காற்று ஒரு பொருட்டல்ல. நெடுஞ்சாலையில் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது தன் வேலையைக் காட்டும். நெஞ்சில் ஒரே சீராகப் படும் காற்று உடம்பைக் கொஞ்சம் தாங்கிப் பிடித்து, கையின் சுமையைக் குறைக்கும். அது நல்லது. வைசரின் விளிம்பில் உடைந்து ஹெல்மெட்டில் மோதிச் சுழலும் காற்றுதான் கழுத்தையும் தோளையும் களைப்பாக்கும். ஓட்டும்போது தலை படபடவென்று ஆடுகிறதென்றால் வைசரின் உயரம் உங்களுக்குப் பொருந்தவில்லை. சற்று உயரமானதோ தாழ்வானதோ பொருத்திப் பாருங்கள். தலைக்குப் பெரிதான ஹெல்மெட்டும் இதே தொல்லையைத் தரும்.

பின்னால் ஆள் உட்கார்ந்தால்

வீட்டாரை ஏற்றிக்கொண்டு போகும்போது இரண்டு விஷயம் மாறுகிறது. சுமை கூடுவதால் ஷாக்கின் இறுக்கத்தை ஒன்றிரண்டு படி கூட்ட வேண்டும், டயர் காற்றையும் அதற்கான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஷாக் அடிவரை இறங்கி இருவர் முதுகையும் இடிக்கும். அடுத்தது, பிரேக் பிடிக்கும்போது பின்னால் இருப்பவரின் எடை ஓட்டுபவரின் முதுகில் சாயும். பின் சீட் உயரமாக உள்ள இந்த வகை வண்டிகளில் அது அதிகம். பின்னால் இருப்பவர் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. ஒரு பக்கமாக உட்கார்ந்தால் எடை ஒருபுறம் இழுக்கும். அதை ஈடுகட்ட ஓட்டுபவர் வழி முழுதும் மறுபுறம் முறுக்கியே இருப்பார். தூரப் பயணத்துக்கு அது ஏற்றதல்ல.

வண்டியைத் திருத்தினோம், உடம்பை?

எவ்வளவு நல்ல சீட்டும் அசையாமல் இருக்கும் உடம்பைக் காப்பாற்றாது. 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒருமுறை இறங்குங்கள். டீக்கடையில் போய் மறுபடியும் உட்காராமல் ஐந்து நிமிடம் நடங்கள். தண்ணீர் குடியுங்கள். லுஹருக்கோ அஸருக்கோ வழியில் உள்ள பள்ளிவாசலில் நிறுத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த இடைவேளை தானாகவே அமைந்துவிடும்.

ஓட்டும்போது தொடையால் டேங்க்கை லேசாகப் பிடியுங்கள். வயிற்றைச் சற்று உள்ளிழுத்து, இடுப்பிலிருந்து சாயுங்கள், முழங்கையைத் தளர விடுங்கள். வேகத்தடையும் பள்ளமும் வரும்போது ஃபுட்ரெஸ்டில் காலை ஊன்றி, உட்காரும் எடையைக் கொஞ்சம் குறையுங்கள். முழங்கால்தான் உடம்பின் ஷாக் அப்சார்பர்.

வீட்டில் தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கையும் முழங்காலும் ஊன்றி முதுகை மெதுவாக மேலே வளைத்தும் கீழே இறக்கியும் பத்து முறை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் உயர்த்தி இறக்குவது பத்து முறை. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி மறு காலை முன்வைத்து, பின்காலின் இடுப்பு மடிப்பு இழுபடும்படி அரை நிமிடம், இரு பக்கமும். தொடையின் பின்பக்கத் தசை இறுகியிருந்தால் அது இடுப்பெலும்பைப் பின்னுக்கு இழுத்து முதுகைக் கூன் போட வைக்கும். அதனால் காலை நீட்டி அந்தத் தசையையும் நிதானமாக இழுத்துவிடுங்கள். எந்தப் பயிற்சியிலும் வலி கூடினால் நிறுத்திவிடுங்கள்.

இடுப்பு பெல்ட்டை நீண்ட பயணத்தில் எப்போதாவது போடலாம். அதையே எந்நேரமும் நம்பியிருந்தால் தசை தன் வேலையை மறந்துவிடும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

இதுவரை சொன்னது சாதாரண முதுகு வலிக்கு. கீழே சொல்பவை வேறு. பைக்கைத் திருத்திக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது.

சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது, சீட்டில் படும் தொடையிடுக்குப் பகுதி மரத்துப்போவது, கால்களில் பலம் குறைவது. இவற்றில் எது வந்தாலும் அன்றே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் நரம்புக் கற்றை அழுந்தியதன் அடையாளமாக அது இருக்கலாம். தாமதித்தால் நிரந்தரப் பாதிப்பாகிவிடும்.

வலி முழங்காலுக்குக் கீழே வரை மின்சாரம் போல ஓடுவது, பாதம் மரத்துப்போவது, கீழே விழுந்த பிறகு வலி தொடங்குவது. இவற்றுக்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரவில் தூங்கவிடாத முதுகு வலியோடு மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் அதை ஒருபோதும் ‘வண்டி ஓட்டின வலி’ என்று ஒதுக்காதீர்கள். காசநோய் முதுகெலும்பையும் தாக்கும். அரசு மருத்துவமனைகளில் அதற்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

கடைசியில் என்ன ஆனது?

எங்கள் பையன் முதல் வாரத்தில் பையை வண்டிக்கு மாற்றினான், பர்ஸை முன்பக்கம் வைத்தான், ஷாக்கை மூன்று படி தளர்த்தினான், லீவரைத் திருத்தினான். ஒரு ரூபாய் செலவில்லை. பத்தாவது நாள், “தூத்துக்குடி போய் இறங்கும்போது பிடிக்கல மாமா, திரும்பி வரும்போதுதான் பிடிக்குது” என்றான். அடுத்த மாதம் சீட்டை மட்டமாக்கினான். ஜெல் குஷனுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. ஹேண்டில்பார் ரைசர் அவனுக்குத் தேவையே படவில்லை. மருத்துவரிடமும் காட்டினோம். நரம்பில் பாதிப்பில்லை என்று சொல்லி, பயிற்சிகளைத் தொடரச் சொன்னார். வலி முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயிற்சியை விட்ட வாரங்களில் எட்டிப் பார்க்கிறது. ஆனால் வண்டி அவனிடம் இருக்கிறது, வேலை இருக்கிறது, தவணை ஒழுங்காகப் போகிறது. உம்மாவுக்கு இரவில் தைலம் தேய்க்கும் வேலை குறைந்திருக்கிறது.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டில் தினமும் தூரம் ஓட்டுபவர் யாரோ அவரை உட்காரவைத்து ஒரு பக்கவாட்டுப் படம் எடுங்கள். அவர் பையை நிறுத்துப் பாருங்கள். ஒரு சின்ன நோட்டில் தேதி, ஓட்டிய தூரம், வலி எப்போது தொடங்கியது, அன்று என்ன மாற்றினோம் என்று நான்கு வரி எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் முதுகுக்கு எது ஆகாது என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். மருத்துவரிடம் போக நேர்ந்தாலும் அந்த நோட்டு அவருக்கு உதவும்.

பிள்ளை வலி என்று சொன்னால், “இந்த வயசுல என்ன முதுகு வலி” என்று பெரியவர்கள் தள்ளிவிட வேண்டாம். பிள்ளைகளும் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். ஆரம்பத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் போதும், இன்ஷா அல்லாஹ்.